பிறந்த நிறையும் பின்னாளில் வரும் மாரடைப்பும்

மாரடைப்பு ஐம்பது வயதில் வந்தாலும் அதன் தொடக்கம் ஐம்பது வயதில் அல்ல. கொரிய யுத்தத்தில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரரின் இருதயங்களை வைத்தியர்கள் பரிசோதித்து, 1953 இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அவர்களில் நான்கில் மூவருக்கு, இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளில் நோயின் அடையாளம் இருந்தது. இருபத்திரண்டில் இந்த நிலை என்றால், பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அது ஆரம்பித்திருக்க வேண்டும்.

அது வசதி படைத்த நாட்டுக் கதை என்று சிலர் சொல்லக்கூடும். நமக்குக் கிட்டிய சான்று மைசூரில் உண்டு. அங்குள்ள ஹோல்ட்ஸ்வேர்த் நினைவு மிஷன் ஆஸ்பத்திரியில், பிறந்த குழந்தைகளின் நிறையையும் நீளத்தையும் 1934 தொடக்கம் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அப்பதிவுகளைக் கொண்டு, அங்கு பிறந்து நடுவயதை எட்டிய 517 பேரைத் தேடிப் பரிசோதித்தார்கள். முடிவு 1996 இல் வெளிவந்தது. இரண்டரைக் கிலோ அல்லது அதற்குக் குறைந்த நிறையில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நோய் இருந்தது. மூன்று கிலோவுக்கு மேற்பட்ட நிறையில் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது.

காரணம் என்ன? தாய்க்கு உணவு போதாதபோது கருவிலுள்ள சிசு கிடைப்பதை மூளைக்கு முதலில் கொடுக்கிறது. சிறுநீரகம், சதையி, தசை என்பவை குறைவாகவே வளர்கின்றன. சிறுநீரகம் சிறுத்தால் பின்னாளில் குருதியமுக்கம் ஏறும்; சதையி பலவீனமானால் நீரிழிவு வரும். இரண்டும் இருதயத்தின் பகைவர்கள்.

இதை நாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990 இல் பலாலி, வசாவிளான், கட்டுவன் பக்கங்களிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம் பகுதிகளில் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் நெடுங்காலம் இருந்தன. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்று நிவாரணத்தில் கிடைத்ததே சமையல். தோட்டம் போனதோடு கீரையும் மரக்கறியும் போயின. அந்நாட்களில் நிறை குறைந்து பிறந்த பிள்ளைகள் இன்று முப்பதைத் தாண்டித் தாமும் பெற்றோராகியிருக்கிறார்கள். காணிகள் சில திரும்பக் கிடைத்தன. சில இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் கடைச் சாப்பாடு எல்லோருக்கும் கிடைக்கிறது.

பஞ்சத்தில் தொடங்கிய உடம்புக்குப் பின்னால் வரும் மிதமிஞ்சிய உணவுதான் ஆபத்து. டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த 1,492 பேரைச் சிறுவயது முதல் அளந்து வந்த ஆய்வு 2004 இல் வெளியானது. இளவயதிலேயே இரத்தத்தில் சீனி கூடியவர்கள், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து அதன் பின் விரைவாகப் பருத்து வந்தவர்கள். அவர்கள் குண்டுப் பிள்ளைகள் என்றுகூடச் சொல்ல முடியாதவர்கள்.

இதைக் கேட்டு மெலிந்த பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துவிடக் கூடாது. முதல் இரண்டு வருடம் நன்றாக ஊட்ட வேண்டிய காலம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும். பிறகு தாய்ப்பாலோடு சோறு, பருப்பு, முட்டை, மீன், கீரை. பிள்ளையைத் தேற்றுவதற்கென்று பிஸ்கற்றும் இனிப்புத் தேநீரும் கொடுப்பதுதான் பிழை. கருவுற்ற தாய்க்குக் கிளினிக்கில் தரும் திரிபோஷாவை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவதும் நல்லதல்ல. அது அவளுக்கே சேரவேண்டும்.

பள்ளிப் பருவத்தில் றோல்ஸ், கொத்து றொட்டி, மிதிவெடி. (ஒரு பலகாரத்துக்கு இப்படிப் பெயர் வைக்க நம்மவரால்தான் முடியும்!) இடைக்கிடை உண்டால் கேடில்லை; திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் பொரித்ததை நாள்தோறும் உண்பதே கேடு. சோடாப் போத்தல்களில் 2016 முதல் நிற அடையாளம் இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் குடிக்கும் பிள்ளை பத்துத் தேக்கரண்டிக்கு மேல் சீனி குடிக்கிறது. குரக்கன் புட்டு, அவித்த பயறு, கௌபி, முருங்கையிலை வறை, பனங்கிழங்கு எல்லாம் இதைவிட மலிவு. தேங்காயை அடியோடு விடச் சொல்லவில்லை. கட்டிப் பாலைக் குறைத்துச் சொதி வைக்கலாம். உப்பு ஒருவருக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். கருவாடு சமைக்கும் நாளில் மற்றக் கறிக்கு உப்பைக் குறையுங்கள்.

உடல் உழைப்பும் மாறிவிட்டது. துலாவில் இறைத்த காலம் போய் மெசின் வந்தது நல்லதுதான். ஆனால் தோட்டத்தை இழந்து வீட்டிலிருப்பவர்கள் நாளுக்கு அரைமணி நேரமாவது விரைந்து நடக்க வேண்டும். புகையிலையைப் பற்றிப் பேசுவது நமக்குச் சங்கடம்; செம்மண்ணில் அது பணப்பயிர். இருந்தும் சுருட்டும் சிகரெட்டும் நாடிகளைக் கெடுப்பதில் ஐயமில்லை.

52 நாடுகளில் நடந்து 2004 இல் வெளியான ஆய்வு ஒன்றில் இலங்கையரும் சேர்க்கப்பட்டிருந்தனர். தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் வந்தது. பிற நாட்டவருக்கு 59 அளவில். எனவே நாற்பதை எட்டியவர்கள் நோயில்லாவிட்டாலும் அரச வைத்தியசாலையில் குருதியமுக்கத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள், பணம் கேட்கமாட்டார்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, நோவு கைக்கோ தாடைக்கோ பரவினால் வாய்வு என்று இஞ்சி குடித்துக் காத்திருக்காமல் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.