துருவும் நம் இரும்புப் பெட்டிகளும்

வெளிமாநிலத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவ மாணவியர் இன்று தோள்பையும் சக்கரம் வைத்த சூட்கேசுமாக வருகிறார்கள். ஆயினும் கொல்கத்தா விடுதிகளில் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தால் டிரங்குப் பெட்டி இன்னும் மறைந்துவிடவில்லை. மூத்த மாணவர் விட்டுச் சென்றது, பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது, தந்தையார் தம் கல்லூரி நாளில் சுமந்தது என்று அவற்றுக்குப் பல வரலாறுகள் உண்டு. நம் சங்கத்தின் தமிழ் நூல்களும் இரண்டு இரும்புப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. கோடை விடுமுறையும் அதைத் தொடர்ந்து மழையும் நெருங்குகிற இவ்வேளையில், அப்பெட்டிகளின் பகைவனாகிய துருவைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

துரு என்பது யாது?

பூமியில் இரும்பு தனி உலோகமாகக் கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் பிராணவாயுவோடு கூடிய கனிமமாகவே கிடைக்கிறது. உலையில் கரியையிட்டுப் பெரும் வெப்பத்தைச் செலவழித்து அந்தப் பிராணவாயுவை நீக்குகிறோம். வாய்ப்புக் கிடைத்ததும் இரும்பு மீண்டும் அதனோடு கூடிக்கொள்கிறது. அதுவே துரு. இதற்குத் தண்ணீர், பிராணவாயு ஆகிய இரண்டும் வேண்டும். உலர்ந்த காற்றில் ஆணி துருப்பிடிப்பதில்லை. கொதிக்க வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்த நீரிலும் அப்படியே. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைக் கடந்தால் துருவின் வேகம் மிகவும் கூடுகிறது. கொல்கத்தாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று அந்த எல்லைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

துருப்பிடித்தல் ஒரு சிறு மின்கலத்தின் வேலையைப் போன்றது. 1920-களில் கேம்பிரிட்ஜில் யூ. ஆர். எவன்ஸ் என்னும் அறிஞர் இரும்புத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை வைத்து இதை விளக்கினார். துளியின் ஓரத்தில் பிராணவாயு மிகுதி, நடுவில் குறைவு. நடுவிலுள்ள இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை தகட்டின் வழியே ஓரத்துக்குச் சென்று பிராணவாயுவோடும் நீரோடும் வினைபுரிகின்றன. இரண்டுக்கும் இடையே வளையமாகத் துரு படிகிறது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, காற்றுக் குறைந்த ஈரமான இடமே ஆழமாக அரிக்கப்படும் என்பது. பெட்டியின் அடித்தகடு, தகட்டு மடிப்புகள், கீல்களின் உட்புறம், நனைந்த செய்தித்தாள் ஒட்டிய இடம் ஆகியவை முதலில் ஓட்டையாவது இதனால்தான்.

அலுமினியத்தின் மேல் படியும் ஆக்ஸைடு மெல்லியதாய், இறுக்கமாய் உலோகத்தைக் காக்கிறது. துருவோ பருத்து, நுண்துளைகள் கொண்டு, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மேலே பூசிய வர்ணத்தையும் பெயர்த்துவிடுகிறது. 'அப்படியானால் டெல்லியின் இரும்புத் தூண் ஏறக்குறைய 1,600 ஆண்டுகளாக எப்படி நிற்கிறது?' என்று நண்பர்கள் கேட்கலாம். அதில் பாஸ்பரஸ் சுமார் 0.25 சதவீதம் உள்ளது. இன்றைய சாதாரண எஃகில் உள்ளதைவிட இது பன்மடங்கு. அந்தப் பாஸ்பரஸ் இரும்பின்மேல் இறுகிய காப்புப் படலம் உண்டாகத் துணைசெய்தது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் 2000-ஆம் ஆண்டில் விளக்கினார். நம் பெட்டிக்கு அந்தப் பேறு இல்லை. ஆகவே காப்பை நாமே பூச வேண்டும்.

பழுது பார்க்கும் முறை

முதலில் பெட்டியைக் காலிசெய்து வெயிலில் வைக்க வேண்டும். துருப்பிடித்த இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் வர்ணம் பூசிப் பயனில்லை. பட்டறையில் கொடுத்துப் புதிய அடித்தகடு போடுவதே வழி. தகடு உறுதியாக இருந்தால், உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் நீக்கலாம். பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும், முகமூடி அணிவதும், திறந்த வெளியில் வேலை செய்வதும் அவசியம். தேய்த்தபின் உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துருமாற்றிகள் கடையில் கிடைக்கின்றன. முன்னது துருவை இரும்புப் பாஸ்பேட்டாகவும், பின்னது கரிய டானேட்டாகவும் மாற்றுகிறது. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியபோது நிகழ்ந்ததும் டானினும் இரும்பும் கூடும் இதே வினைதான். கையுறை அணிந்து பூச வேண்டும். புளி தேய்த்தாலும் துரு ஓரளவு நீங்கும். ஆனால் கழுவி உலர்த்தாமல் விட்டால் மிஞ்சிய அமிலமே மறுபடி துருவை வரவழைக்கும்.

பிறகு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, அது முற்றும் ஆவியானபின் ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு பூச்சும், அது காய்ந்ததும் எனாமல் இரண்டு பூச்சும் கொடுக்க வேண்டும். மழைநாளில் பூசலாகாது, வர்ணத்துக்கடியில் ஈரம் சிறைப்பட்டுவிடும்.

வருமுன் காத்தல்

பெட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல்மேலோ மரக்கட்டைமேலோ வைத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துக. இரவில் தகடு குளிர்ந்தால் உள்ளிருக்கும் ஈரக்காற்று நீராகப் படியும். எனவே அரைகுறையாகக் காய்ந்த துணியை உள்ளே வைக்கலாகாது. உள்ளே விரித்த செய்தித்தாளை மாதந்தோறும் மாற்றுக. சிலிகா ஜெல் பொட்டலங்கள் ஈரத்தை வாங்கும். நாப்தலீன் உருண்டை பூச்சியை விரட்டுமேயன்றித் துருவைத் தடுக்காது. கீலுக்கும் பூட்டுக்கும் தையல் மெஷின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறி அமிலத்தன்மை கொள்ளும்.

இவ்வளவும் ஒரு தகரப் பெட்டிக்காகவா என்று எண்ணலாகாது. பெட்டியின் விலை பெரிதன்று, உள்ளிருப்பதே பெரிது. இரும்புக் கறை பட்ட காகிதம் அழுக்காவதோடு நிற்பதில்லை. இரும்பு அயனிகள் காகிதத்தின் நாரைச் சிதைக்கும் வினைகளைத் தூண்டுவதால், தாள் பழுத்து நொறுங்குகிறது. மதிப்பெண் பட்டியலுக்கு நகல் பெறலாம். சங்கத்தின் பெட்டிகளில் மறுபதிப்புக் காணாத நூல்கள் சில உள்ளன. அவற்றை இவ்வூரில் எந்தக் கடையில் தேடுவது? விடுமுறையில் நாம் ஊர் செல்வோம்; அவை பூட்டிய அறையில் மழைக்காலம் முழுவதும் கிடக்கும்.

ஆகவே தேர்வு முடிந்த மறுநாள், ஊருக்குப் புறப்படுமுன், இரண்டு பெட்டிகளையும் முற்றத்துக்குக் கொண்டுவருவோம். பத்துப் பேர் கைகொடுத்தால் தேய்ப்பதும் பிரைமர் பூசுவதும் அன்றே முடியும். எனாமல் பூச்சுக்கு மேலும் இரண்டு நாள் போதும். உப்புத்தாளும் பிரஷ்ஷும் நான் கொண்டுவருகிறேன். நீங்கள் வாருங்கள்.