உணவகங்களில் பணம் செலுத்துவோரின் உரிமைகள்

உணவகமொன்றினுள் நுழையும்போது கிடைக்கும் வரவேற்பு, பணம் செலுத்தும் மேசையை அடையும்போது பல இடங்களில் காணாமற் போய்விடுகிறது. கூட்டுத்தொகை மட்டும் எழுதப்பட்ட துண்டுக் கடதாசியொன்று நீட்டப்படுகிறது. விபரம் கேட்டால் காசாளர் முகம் சுளிக்கிறார். சில்லறை இல்லையென்று கூறி, மிகுதிப் பணத்துக்குப் பதிலாக இனிப்பொன்று வைக்கப்படுகிறது.

இவற்றைப் பெரும்பாலானோர் பேசாது ஏற்றுக்கொள்கின்றனர். குடும்பத்தினர் அருகில் நிற்க, பின்னால் வேறு சிலர் காத்திருக்க, சிறு தொகைக்காக வாதிடுவது கௌரவக் குறைவு என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருப்பின் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர் கேள்வி எழுப்புவது மேலும் கடினமாகிறது.

ஆகையால், பட்டியலில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியமாகும். பெரிய உணவகங்களில் உணவின் விலையுடன் நூற்றுக்கு 10 வீத சேவைக் கட்டணம் சேர்க்கப்படுவது வழக்கம். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் 18 வீதமாக உயர்த்தப்பட்டது. எனவே 2,000 ரூபாவுக்கு உண்டவர் செலுத்த வேண்டிய தொகை 2,500 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. விலைப்பட்டியலில் இதனைத் தெளிவாகக் குறிப்பிடாமல் இறுதியில் அறிவிப்பது நேர்மையான வணிகமன்று. மேலும், வற் வரிக்கெனப் பதிவுசெய்துகொண்ட நிறுவனத்துக்கே அவ்வரியை அறவிடும் உரிமை உண்டு. வரி சேர்க்கப்பட்டிருப்பின் பதிவிலக்கம் எங்கே என்று கேட்பதில் தவறேதுமில்லை.

கடனட்டை மூலம் பணம் செலுத்துவோரிடம் நூற்றுக்கு 2.5 அல்லது 3 வீதம் மேலதிகமாகக் கேட்கும் வழக்கமும் சில இடங்களில் காணப்படுகிறது. அட்டைச் சேவைக்காக வங்கி அறவிடும் கட்டணம் வர்த்தகரே ஏற்க வேண்டியதாகும். அதனை வாடிக்கையாளர் மீது சுமத்தக்கூடாதென இலங்கை மத்திய வங்கி தெளிவுபடுத்தியுள்ளது. அவ்வாறு அறவிடப்பட்டால், அட்டையை வழங்கிய வங்கிக்குப் பற்றுச்சீட்டுடன் அறிவிக்கலாம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், விலைகளைப் பார்வைக்கு வைக்கவும் கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு வழங்கவும் வர்த்தகரைக் கடமைப்படுத்துகிறது. வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் அது தடைசெய்கிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அதிகார சபையிடம் முறையிடலாம். ஆயினும் பற்றுச்சீட்டு கையில் இல்லாத முறைப்பாடு வலுவிழந்துவிடும். எனவே அதனைக் கேட்டுப் பெறுவதே முதற் காரியமாகும்.

மறுபுறத்தில், மேசையில் நிற்கும் ஊழியரை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று. நீண்ட நேரம் நின்றபடி குறைந்த வேதனத்துக்கு உழைப்பவர் அவர். விலையை நிர்ணயிப்பதும் சில்லறையை வைத்திருப்பதும் உரிமையாளரின் பொறுப்பு. சேவைக் கட்டணமாகப் பெறப்படும் பணம் ஊழியர்களைச் சென்றடைகிறதா என்பதற்கும் அவரே பதில் கூற வேண்டும். ஆதலால் எமது கேள்வி உறுதியாக இருக்கும் அதேவேளை, பண்பாகவும் இருக்க வேண்டும்.

வணிகத்தில் நேர்மை எமது சமூகங்களுக்குப் புதியதன்று. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகரின் கடமையைக் கூறியே நிறைவடைகிறது. அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் அளவை நிறுவையில் குறைசெய்வோரைக் கண்டித்தே ஆரம்பமாகிறது. இவ்விரண்டையும் போற்றும் மக்கள் நடத்தும் உணவகங்களும் எமது நகரங்களில் ஏராளம். அவற்றின் உரிமையாளர்கள் முன்மாதிரியாகத் திகழ வேண்டுமென எதிர்பார்க்கிறோம். இரண்டு ரூபா மிகுதியைக் கேட்டுப் பெறுபவரைக் கஞ்சரென எள்ளி நகையாடும் வழக்கத்தை வாடிக்கையாளர்களாகிய நாமும் கைவிட வேண்டும்.