சதுரங்க நேயரும் நகையுரையும்

சதுரங்கத்தை ஊமை விளையாட்டு என்பர். இருவர் எதிரெதிரே அமர்ந்து, கன்னத்திற் கைவைத்து, அறுபத்துநான்கு கட்டங்களையும் நோக்கியவண்ணம் நாழிகைக்கணக்கில் வாய்திறவாதிருத்தலைக் காண்போர் அவ்வாறு கருதுதல் இயல்பே. ஆனால், ஆடுவோர் எத்துணை மௌனிகளோ அத்துணை வாயாடிகள் அவ்வாட்டத்தைச் சூழ்ந்து நிற்கும் நேயர்கள். அவர்தம் பேச்சும் சதுரங்கத்தோடு நிற்பதன்று. காலையில் உண்ட இட்டிலியில் தொடங்கி, பாட்டிற் புகுந்து, திரைப்படத்திற்போய் முடியும். இப்பேச்சு எங்ஙனம் பிறந்தது, அதன் பொருள்கள் யாவை, அதற்கு எல்லை உண்டோ என்னும் மூன்றனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மூன்றாம் வினாவிற்கு விடை கூறுமிடத்து என் பிழையொன்றனையும் கூறவேண்டியவனாகின்றேன்.

பேச்சின் பிறப்பிடம்

சதுரங்கத்தில் காயை நகர்த்துதற்கு ஆகும் காலம் சிறிது. நினைத்தற்கு ஆகும் காலம் பெரிது. பந்தாட்டத்தை நோக்குவோனுக்குக் கண்ணிமைக்கவும் பொழுதில்லை. சதுரங்கத்தை நோக்குவோனுக்கோ ஒரு நகர்த்தலுக்கும் மறு நகர்த்தலுக்கும் இடையே அரைமணி நேரம் கிடைத்தலும் உண்டு. வெறிதே கிடக்கும் அந்நேரத்தைப் பேச்சு வந்து நிரப்புகின்றது.

அன்றியும், ஐரோப்பாவில் இவ்வாட்டம் செழித்த இடம் காப்பிக்கடையாகும். பாரிஸ் மாநகரத்தில் ‘கபே த லா ரெஜான்ஸ்’ என்னும் காப்பிக்கடை 18-ஆம் நூற்றாண்டில் சதுரங்க வல்லுநர்க்குத் தலைமைக் கழகமாக விளங்கிற்று. தெனி தீதரோ என்னும் பிரெஞ்சு அறிஞர் ‘ராமோவின் தம்பி மகன்’ என்னும் தம் நூலை அக்கடையிலேயே தொடங்குகின்றார். அங்கே ஆட்டத்தை நோக்கியிருக்கும் ஒருவரிடம் இசைவாணர் ராமோவின் தம்பி மகன் வந்து சேர்கின்றான். பின்னர் அவ்விருவர் பேச்சும் செல்வர் வீட்டு விருந்து, இத்தாலிய இசை, பிரெஞ்சு இசை, நாடகம் எனப் பலவாறு சுழல்கின்றது. சதுரங்கப் பலகையருகே உணவும் இசையும் பேசப்படுதல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இலண்டனில் ‘சிம்ப்சன்’ என்னும் உணவுச்சாலையும் இத்தகையதே. ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் 1851-இல் ஆடி, ‘அமர ஆட்டம்’ எனப் பெயர்பெற்ற ஆட்டம் அங்கேதான் நிகழ்ந்தது. ஆடுவோர்க்கு இடையூறு நேராவண்ணம் இறைச்சியைச் சக்கர வண்டியில் வைத்து மேசையருகே தள்ளிவந்து அரிந்து பரிமாறும் வழக்கம் அச்சாலையில் எழுந்தது என்பர்.

இப்பேச்சு எல்லார்க்கும் உவப்பாயிற்று என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்கப் பேரறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் சதுரங்க ஒழுக்கம்பற்றி ஒரு கட்டுரை வரைந்து 1786-இல் வெளியிட்டார். நோக்கி நிற்போர் முற்றும் வாய்மூடியிருத்தல் வேண்டும் என்பது அவர் அதன்கண் விதித்த விதிகளுள் ஒன்று. விதி எழுதவேண்டிய நிலை வந்ததெனின், அன்றும் அவ்விதிக்கு மாறாயினோர் பலர் இருந்தனர் என்பது தெளிவன்றோ?

உணவு

பேச்சுப் பொருள்களுள் உணவே தலையாயது. ஆட்டத்தின் சொற்களே அதற்கு வழிவகுக்கின்றன. குதிரையைப் பலிகொடுத்து எதிரியின் அரசனை அரணினின்று நடுவெளிக்கு இழுத்துவரும் தாக்குதல் ஒன்று உண்டு. இத்தாலியர் அதற்கு ஈரல் எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். ஆங்கிலத்தில் அது ‘பொரித்த ஈரல்’ ஆயிற்று. ஈரல் பொரிப்பதற்கு மிளகு மிகுதியாக வேண்டுமா, வெங்காயம் மிகுதியாக வேண்டுமா என்னும் வழக்கு, அத்தாக்குதல் பலகையில் தோன்றும்தோறும் எங்கள் விடுதியில் எழும். தமிழிலோ இது பின்னும் எளிது. நாம் நகர்த்துவதும் காய், நறுக்குவதும் காய். பலகையிலும் வெட்டு, அடுக்களையிலும் வெட்டு. “சமையற்காரர் இன்று பலகைக் காயைத்தான் சாம்பாரில் இட்டனர் போலும், வேகவேயில்லை” என்னும் நகையுரை எம்மிடையே ஆண்டுதோறும் புதிதாகப் பிறந்துகொண்டே இருக்கின்றது.

உணவு பெரும் பூசலுக்கும் காரணமாயிற்று. 1978-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பாகியோ நகரத்தில் அனத்தோலி கார்ப்பவும் விக்டர் கோர்ச்னாயும் உலகப் பட்டத்திற்காகப் பொருதனர். இரண்டாம் ஆட்டத்தின் நடுவே கார்ப்பவுக்கு ஒரு கிண்ணம் தயிர் வந்தது. அது ஏதேனும் மறைமொழிச் செய்தியாக இருத்தல் கூடும் எனக் கோர்ச்னாய் தரப்பினர் முறையிட்டனர். நடுவர் குழுவினர் அம்முறையீட்டை நகைத்துத் தள்ளாது, குறித்த நேரத்தில், குறித்த பணியாளர் வாயிலாக, ஊதாநிறத் தயிரே வரவேண்டும் என வரையறை செய்தனர். 32 ஆட்டங்கள் நிகழ்ந்த அப்போரில் கார்ப்பவ் வென்றார். அவ்வாட்டங்களுள் ஒன்றனையேனும் முழுதும் நினைவில் வைத்திராத நேயரும் அத்தயிரை மறந்திலர்.

இசை

அடுத்தது இசை. இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சன்று. சதுரங்கத்திற்கும் இசைக்கும் மெய்யாகவே உறவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த சதுரங்க வீரராகிய பிலிதோர், இசைநாடகங்கள் இயற்றிப் புகழ்பெற்றவர். 1749-இல் அவர் வெளியிட்ட சதுரங்க நூல், காலாட்களின் அருமையை உலகிற்கு உணர்த்திற்று. 1957-இல் உலகப் பட்டம் எய்திய உருசிய வீரர் வசீலி சிமிஸ்லவ், அதற்குமுன் மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கில் பாடகராக முயன்று, தேர்வு பெறாது மீண்டவர். இசையமைப்பாளர் புரோகோபியவ் 1914-இல், ஒரே வேளையிற் பலரோடு ஆடிய காபபிளாங்காவை ஓர் ஆட்டத்தில் வென்றார். அவரும் வயலின் மேதை தாவீது ஒய்ஸ்திராகும் 1937-இல் மாஸ்கோவில் சதுரங்கப் போர் தொடுத்தபோது, தோற்றவர் கலைஞர்க்கு இசைக்கச்சேரி நிகழ்த்துதல் வேண்டும் என்பது ஒப்பந்தமாம். எவர் தோற்பினும் அவையோர்க்கு ஊதியமே!

இவ்வரிசையில் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் மார்க் தைமானவ். இவர் சதுரங்கப் பேராசானாகவும் பியானோ வல்லுநராகவும் ஒருங்கே திகழ்ந்தவர். 1971-இல் வான்கூவர் நகரத்தில் பாபி பிஷரிடம் ஆறு ஆட்டங்களிலும் தோற்றார். அத்தகைய தோல்வி அந்நிலையிலிருந்த வீரர்க்கு நேர்தல் மிக அரிது. தோற்ற அன்று, தமக்கு இசையேனும் எஞ்சியுள்ளதே என அவர் நகைத்துக் கூறினாராம். தம்மைத் தாமே எள்ளி நகைக்கவல்லார்க்குத் தோல்வி பாதியாகக் குறைகின்றது. ஆனால் அவர் நாட்டு ஆட்சியாளர் அந்நகையை அறிந்தாரல்லர். வெளிநாட்டுச் செலவையும், மேடைக் கச்சேரியையும் சிறிது காலம் தடைசெய்து, எஞ்சிய இசையையும் பறிக்க முயன்றனர். நகைச்சுவை உணர்வில்லாதார் கையில் அதிகாரம் அகப்படின் என்னாகும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

திரைப்படம்

திரைப்படத்தைப்பற்றிய பேச்சில் நேயர்கள் பெரும்பாலும் குற்றங்காணும் நக்கீரர்களாகின்றனர். ஆடுவோன் வலக்கைப் பக்கத்து மூலையில் வெள்ளைக் கட்டம் அமைதல் வேண்டும் என்பது முதற்பாடம். படத்தில் அது கறுப்பாயின், கதைத்தலைவன் உயிர்விடும் கட்டமாயினும் இவர்கள் கண் பலகையின்மேலேயே நிற்கும். 1968-இல் வெளிவந்த ‘2001: ஒரு விண்வெளிப் பயணம்’ என்னும் படத்தில் ‘ஹால்’ என்னும் கணினி ஒரு மனிதனோடு ஆடுகின்றது. அவ்வாட்டம் 1910-இல் ஹாம்பர்க் நகரத்தில் மெய்யாகவே ஆடப்பட்டது. படத்தில் கணினி தன் அரசி செல்லும் கட்டத்தின் எண்ணை ஆறு என்னாது மூன்று எனக் கூறுகின்றது. இஃது இயக்குநரின் மறதியோ, கணினி பின்னர்ச் செய்யப்போகும் வஞ்சகத்திற்கு முன்னறிவிப்போ என்னும் வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

காதலியையும் மறந்து ஆடும் ஒருவனைப்பற்றி 1925-இல் உருசியாவில் ‘சதுரங்கச் சுரம்’ என்னும் நகைப்படம் எடுக்கப்பட்டது. உலக வீரராகிய காபபிளாங்காவே அதில் தோன்றுகின்றார். சத்தியஜித் ராய் 1977-இல் எடுத்த ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ நகைப்போடு நில்லாது நெஞ்சையும் சுடுவது. பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவிய அப்படத்தில், 1856-இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைக் கைக்கொள்ளும் வேளையில் இலக்னோ நகரப் பிரபுக்கள் இருவர் ஆட்டத்தில் ஆழ்ந்திருக்கின்றனர். மனைவி காய்களை ஒளித்துவிட, அவர்கள் காய்கறிகளையே காய்களாக நிறுத்தி ஆடும் காட்சி நம்மை வயிறு குலுங்க நகைக்கச் செய்கின்றது. ஆனால் விளையாட்டுப் பேச்சு விபரீதமாகி, ஒருவர் மற்றவரின் இல்லறத்தையே சுட்டி எள்ளும்போது, நட்பு துப்பாக்கி முனைக்குச் செல்கின்றது. சிறுகதையில் இருவரும் மடிகின்றனர். படத்தில் உயிர்தப்பி, மீண்டும் பலகைமுன் அமர்கின்றனர்.

எல்லை

இனி, என் பிழை. 2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை சிங்கப்பூரில் நம் சென்னை இளைஞர் குகேசும் சீனத்து டிங் லிரனும் உலகப் பட்டத்திற்கு ஆடினர். வகுப்பு முடிந்ததும் நாங்கள் விடுதிக் கூடத்தில் ஒரு திரையைச் சூழ்ந்துகொள்வோம். எம்முள் எனக்கு ஓராண்டு மூத்தவரும், திருநெல்வேலிச் சீமையினின்று வந்தவருமாகிய அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஊருக்குச் சென்று மீளும்போதெல்லாம் அவர் பொருவிளங்காய் உருண்டை கொணர்ந்து எல்லார்க்கும் அளிப்பார். அவ்வுருண்டையின் வன்மையை வைத்து நகையாடுதல் எம் வழக்கம். “அண்ணாச்சி, இதனை யானைக்குப் பதிலாக நிறுத்தலாம்” என்பேன். “நிறுத்து தம்பி, உன் அரசன் மண்டை உடையட்டும்” என்பார். அனைவரும் நகைப்போம்.

ஒருநாள் ஆட்டம் நீண்டது. என் நாவும் நீண்டது. “வெல்லம் வாங்கக் காசில்லாமல் உங்கள் வீட்டில் மண்ணை உருட்டி அனுப்பிவிட்டனரோ?” என்றேன். கூடம் முழுதும் சிரித்தது. அண்ணாச்சி சிரித்தாரல்லர். மூடியைத் திருகி டப்பாவை மூடினார், எழுந்து சென்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் கூடத்திற்கு வரவில்லை. அவர்தம் அன்னையார் பகலெல்லாம் பீடி சுற்றி, இரவில் அவ்வுருண்டைகளைப் பிடித்து அனுப்புகின்றார் என்பதை அவர் அறைத்தோழர் வாயிலாக அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வந்திலது.

முன்னும் நகைத்தோம், பின்னும் நகைத்தோம். இரண்டற்கும் வேற்றுமை யாது? தொல்காப்பியர் நகை தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாக வைத்தார். எள்ளல் உருண்டையின்மேற் சென்றவரை அது நட்பு. பிடித்த கையின்மேற் சென்றபோது அது பகை. சுவையைப்பற்றி நகைக்கலாம், ஏனெனில் சுவை அவரவர் தேர்ந்துகொள்வது, அதற்கு மறுமொழியும் கூறலாம். வறுமையை எவரும் தேர்ந்துகொள்வதில்லை. அதனைச் சுட்டும் நகைக்கு மறுமொழியும் இல்லை. இருவரும் மாறி மாறி ஆடுவதே ஆட்டம். எதிர்ப்புறத்தாருக்கு நகர்த்த இடமில்லையெனின் ஆட்டம் முடிந்துவிட்டது என்பது சதுரங்கம் கற்பிக்கும் பாடமன்றோ? தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்னும் விதியும் சொல்லுக்கு மிகப் பொருந்தும். நட்பு நகைத்து மகிழ்தற்கு மட்டுமன்று, நெறி தவறியவழி இடித்துரைத்தற்கும் உரியது என வள்ளுவர் கூறினார். அன்று என்னை இடித்துரைப்பார் ஒருவரும் அக்கூடத்தில் இல்லை, சிரித்தவர்களே இருந்தனர்.

டிசம்பர் 12 அன்று மாலை அவர் அறைக்குச் சென்றேன். “அண்ணாச்சி, நான் பேசியது தவறு” என்றேன். வேறு சொல் எழவில்லை. அவர் நெடுநேரம் சன்னலையே நோக்கியிருந்தார். பின்னர், “அம்மாவைப்பற்றிப் பேசாதே தம்பி, உருண்டையைப்பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசு” என்றார். இருவரும் கூடத்திற்குச் சென்றோம். பதினான்காம் ஆட்டம் முடிந்து குகேசு பட்டம் எய்திய செய்தி வந்தபோது எழுந்த ஆரவாரத்தில் அவர் குரலும் கேட்டது.

பொங்கல் விடுமுறை கழிந்து அவர் மீண்டு வந்தார். டப்பா திறந்தது. எல்லாரும் என் முகத்தையே நோக்கினர். நான் ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தேன். “பல் இருக்கிறதா தம்பி?” என்றார் அண்ணாச்சி.