எழுத்தாளரே, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது?

“சார், வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரம் வார்த்தையில் ஒரு கட்டுரை வேண்டும்” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும். தலைப்பு, கடைசி நாள், உங்கள் புகைப்படம் என்று எல்லாவற்றையும் பற்றிச் சொல்லியிருப்பார்கள். சன்மானம் எவ்வளவு என்பது மட்டும் இருக்காது. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று எழுதுபவரும் கேட்கமாட்டார். தமிழில் எழுதிப் பிழைப்பவர்களின் சிக்கல் பெரும்பாலும் இந்தக் கூச்சத்தில்தான் தொடங்குகிறது.

சன்மானம் குறைவு என்று எல்லோரும் புலம்புகிறோம். அதைவிடப் பெரிய நஷ்டம், எதைக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்துவிடுவது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பை எழுதி முடித்ததுமே அதன் உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை. மாதச் சம்பளத்துக்குப் பத்திரிகையில் வேலை பார்ப்பவர் அந்த வேலையாக எழுதுவதை இதழில் வெளியிடும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. வெளியிலிருந்து எழுதித் தருபவருக்கு அந்த விதி பொருந்தாது. கட்டுரைக்குப் பணம் கொடுத்துவிட்டார் என்பதாலேயே ஆசிரியரோ பதிப்பாளரோ அதற்கு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உரிமை கைமாற வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும்; எழுதியவர் கையெழுத்து வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவை எழுத்தாளர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவில்லையா? ஐந்து ஆண்டுகள்தான். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லையா? இந்தியாவுக்குள் மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அது காலாவதியாகிவிடும். ஒப்பந்தம் பேசாத இடத்தில் சட்டம் எழுத்தாளர் பக்கம் நிற்கிறது. இந்தப் பாதுகாப்பைக் குலைப்பது, “அனைத்து உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், உலகெங்கும், நிரந்தரமாக” என்ற ஒற்றை வரி. அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். ஒலிப்புத்தகம், மின்னூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக விலை பேச வேண்டியவை.

இது இன்று நேற்று வந்த விஷயமல்ல. பாரதியார் பாடல்களின் புத்தக உரிமை ஓரிடத்தில் இருக்க, இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை கைமாறித் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்திருந்தது. 1948இல் வெளியான ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்த நாடகக் கலைஞர்கள் டி.கே.எஸ். சகோதரர்களுக்கு அதனால் சட்டச் சிக்கல் வந்தது. பிறகுதான் 1949இல் அரசு அந்த உரிமைகளைப் பெற்று நாட்டுடைமையாக்கியது. ஒரே பாட்டு, இரண்டு சொத்து. இன்று ஒலிப்புத்தக உரிமையைச் சும்மா எழுதிக் கொடுப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

ராயல்டி பத்து சதவீதம் என்பது தமிழில் வழக்கம். எதில் பத்து என்பதில்தான் வம்பு. முகவிலை 200 ரூபாய், 500 பிரதி விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகவிலையில் பத்து என்றால் உங்களுக்கு 10,000 ரூபாய். விற்பனையாளருக்கு 40 சதவீதக் கழிவு போக மிஞ்சும் தொகையில் பத்து என்றால் 6,000. இரண்டுமே நியாயமான ஏற்பாடாக இருக்கலாம். எது என்பது தாளில் இருக்க வேண்டும். நூலக ஆணையில் போன பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா, ஆண்டுக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு எந்த மாதம் வரும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.

எழுத்தாளரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடுபவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தே போனால் தவறில்லை. ஆனால் “ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணம்” என்று தனியாகக் கேட்டால் உஷாராகுங்கள். இந்தியாவில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது.

வேலையை முடித்துக் கொடுத்தும் பணம் வரவில்லை என்றால்? மொழிபெயர்ப்பாளர், விளம்பர வாசகம் எழுதுபவர், பிறர் பெயரில் எழுதித் தருபவர் எல்லோரும் படும் பாடு இது. அதிகம் பேர் பயன்படுத்தாத வழி ஒன்று உண்டு. எழுத்துப் பணியைச் சேவைத் தொழிலாக மத்திய அரசின் ‘உத்யம்’ தளத்தில் பதிந்துகொள்ளலாம்; கட்டணம் கிடையாது. குறு, சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப் பதிந்தவருக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கென்றே மாநில அளவில் வசூல் மன்றங்கள் இருக்கின்றன. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிந்துவிடுவது நல்லது. பிறகு பதிந்தால் எதிராளி அதையே சாக்காகச் சொல்வார். சிவில் வழக்கு என்றால் பொதுவாக மூன்று ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

டெலிகிராமில் உங்கள் புத்தகம் பி.டி.எஃப். ஆகச் சுற்றுகிறதா? நண்பர்களிடம் புலம்புவதற்கு முன், அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். புகார் சரியாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அந்த இணைப்பை முடக்க வேண்டும் என்கின்றன 2013ஆம் ஆண்டு விதிகள். அந்த முடக்கம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை பெற வேண்டும். பயிற்சிப் பாடங்களைத் திருடிப் பகிர்ந்த வழக்கொன்றில், அந்தச் சேனல்களை நடத்துபவர்களின் விவரத்தைக் கொடுக்கும்படி 2022இல் டெல்லி உயர்நீதிமன்றம் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. பதிப்புரிமை வழக்கை நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்ற எல்லையிலேயே போடலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

உரிமையை முழுதாக விற்ற பிறகும் ஒன்று எழுத்தாளரிடமே மிஞ்சும். எழுதியவர் பெயரை மறைக்கவோ, மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைக்கவோ வாங்கியவருக்கு உரிமை இல்லை. தன் நாவலைத் திரைப்படத்தில் சிதைத்துவிட்டார்கள் என்று இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தொடுத்த வழக்கில், 1986இல் டெல்லி உயர்நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பைத் தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவை விரிவாகவே பேசியிருக்கிறது.

இந்த வாரம் பழைய ஒப்பந்தங்களைத் தேடி எடுங்கள். காலம், நாடு, வடிவம் மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால், அந்தப் புத்தகத்தின் உரிமை உங்களிடமே திரும்பி வந்திருக்கக்கூடும். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். உங்களிடம் கேட்காமலே யாரோ அதன் மறுபதிப்பை அச்சடித்துக்கொண்டிருக்கலாம்.