பட்டையில் ஒரு கூட்டுக்குடித்தனம்

செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே சாம்பல் நிறம், அடியில் கறுப்பு, ஓரமெல்லாம் சுருள். பெயர்தான் பாசி, உண்மையில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம் அது. பாறையிலும் வளரும், மரப்பட்டையிலும் வளரும். பூஞ்சை வீடு கட்டி ஈரம் பிடித்துவைக்கும். பாசி வெயிலில் சமைத்துப்போடும்.

மரத்தை உறிஞ்சுமா? இல்லை. பட்டை அதற்கு வெறும் திண்ணை.

வேர் கிடையாது, மழையும் காற்றும் கொண்டுவருவதே சாப்பாடு. தடுக்க மெழுகுப்பூச்சும் இல்லாததால், புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு நேரே உள்ளே போய்ப் பச்சையத்தைக் கெடுக்கும்.

1866இல் பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் இத்தகைய குடித்தனங்கள் செழித்திருப்பதைக் கண்ட தாவரவியலாளர் வில்லியம் நைலாண்டர், அங்கே காற்று சுத்தம் என்று கணித்தார். வேடிக்கை என்னவென்றால், இன்னொரு தாவரவியலாளரான ஷ்வெண்டனர் சொன்ன இந்தப் பூஞ்சை-பாசிக் கூட்டுக்குடித்தனக் கதையை அவர் கடைசிவரை நம்பவில்லை!