நகரசபையின் கணக்கேடும் நகர மையமும்: இரு ஆங்கில நகரங்களின் அனுபவம்

நகரசபையொன்றின் வரவு செலவுத் திட்டம் இலக்கிய மாணவரின் கவனத்துக்குரிய பிரதியாகக் கொள்ளப்படுவதில்லை. கணக்காளரின் ஏடு என்றே அது ஒதுக்கப்பட்டு விடுகிறது. ஆயின், ஒரு சிறு நகரம் யாருக்காக இயங்குகின்றது என்ற வினாவுக்கு அதன் தலைவர்களின் உரைகளைவிடக் கணக்கேடே தெளிவான விடை பகர்கின்றது. இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள வோக்கிங், வடமேற்கிலுள்ள பிறெஸ்ற்றன் ஆகிய இரு நகரங்களை இந்நோக்கில் ஒப்பிடுவது பயனுடையதாகும்.

முதலில் சட்ட நிலையை மனங்கொள்ளல் வேண்டும். மத்திய அரசைப் போன்று பற்றாக்குறையை ஏற்று ஆங்கில நகரசபை தன் திட்டத்தைச் சமர்ப்பிக்க முடியாது. அன்றாடச் செலவுக்குக் கடன்பெறவும் இயலாது. நம்மிடையே வழங்கும் சோலைவரியை ஒத்த குடியிருப்பு வரியைத் தான் விரும்பியவாறு உயர்த்தவும் அதற்கு உரிமையில்லை. அரசு வகுத்த எல்லையைத் தாண்டுவதாயின் மக்களின் வாக்கெடுப்பு வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே வருவாய் குன்றும் ஆண்டில் சபைக்குக் கைகொடுப்பது ஒதுக்க நிதியே. ஆனால் ஒதுக்க நிதி ஒருமுறை எடுத்தால் தீர்ந்துபோவது. சம்பளமும் முதியோர் பராமரிப்பும் ஆண்டுதோறும் திரும்பி வருவன. செலவு வருவாயை விஞ்சும் நிலை தோன்றின், 1988ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின்கீழ்த் தலைமை நிதி அலுவலர் அறிவித்தல் விடுத்தல் வேண்டும். பத்திரிகைகள் இதனை வங்குரோத்து என்கின்றன. சட்டப்படி சபை வங்குரோத்தாவதில்லை. கட்டாயக் கடமைகள் தவிர்ந்த புதிய செலவுகள் யாவும் நிறுத்தப்படும்.

2010க்குப் பின்னர் மத்திய மானியம் கடுமையாக வெட்டப்பட்டது. 2013 முதல் வணிக வரியில் ஒரு பகுதியைச் சபைகளே வைத்துக்கொள்ளும் முறை வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து கடைத்தெருவின் செழிப்பைச் சபையின் உயிர்ப்பிரச்சினையாக்கின. இணைய வணிகம் அதே கடைத்தெருவை வெறுமையாக்கிக் கொண்டிருந்த காலம் அது என்பது இதிலுள்ள முரண்பாடு. மூலதனச் செலவுக்கு மத்திய அரசின் முன்னனுமதியின்றிக் கடன்பெறும் உரிமையோ 2004 முதற்கொண்டே சபைகளுக்கு இருந்தது.

வோக்கிங் இவ்வழியிற் சென்றது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழும் அந்நகரை எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியான தமது நாவலில் செவ்வாய்க்கிரகவாசிகளைக் கொண்டு அழித்தார். 2023இல் நேர்ந்ததற்கு வேற்றுக்கிரகத்தவர் தேவைப்படவில்லை. நகர மையத்திற் கோபுரங்களும் விடுதியும் கடைகளும் எழுப்புவதற்குச் சபை பெருங்கடன் பெற்றுத் தான் பங்குகொண்ட நிறுவனங்களுக்கு அதனைக் கடனாக வழங்கியது. கடனைத் தீர்ப்பதற்காக ஆண்டுதோறும் கணக்கில் ஒதுக்கவேண்டிய தொகை போதியளவு ஒதுக்கப்படவில்லை. ஏட்டில் எல்லாம் சமநிலையிலேயே காணப்பட்டது. 2023 யூன் மாதம் 114ஆம் பிரிவின்கீழ் அறிவித்தல் வெளிவந்தபோது, ஆண்டு அடிப்படை நிதி 1.6 கோடி பவுணாக இருக்க, எதிர்பார்க்கப்பட்ட பற்றாக்குறை 120 கோடி பவுணாகக் கணிக்கப்பட்டது. அதாவது, ஏறத்தாழ 75 ஆண்டுகளின் நிதி. எந்த ஒதுக்க நிதியும் இதன்முன் நிற்கமாட்டாது. 2024இல் குடியிருப்பு வரி 10 சதவீதம் உயர்ந்தது, சேவைகள் வெட்டப்பட்டன. கோபுரத்தைக் கேளாதவர்களே கோபுரத்துக்கு விலை கொடுத்தனர். தனியார் நிலவுடைமையாளன் வாடகையைப் பெறுவதும் நட்டத்தைத் தானே தாங்குவதும் ஏட்டளவிலான நியதி. இங்கே நட்டம் மாத்திரம் சமூகமயமாகியது.

பிறெஸ்ற்றன் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. 1853-54இல் அங்கு பருத்தியாலை முதலாளிகள் கதவடைத்தபோது மார்க்ஸ் நியூயோர்க் பத்திரிகையில் அதுபற்றி எழுதினார். டிக்கென்ஸ் 1854 சனவரியில் நேரிற் சென்று பார்த்தார். அவ்வாண்டிலேயே 'ஹார்ட் டைம்ஸ்' வெளிவந்தது. அப்போராட்டத்தில் தொழிலாளர் தோற்றனர் என்பதையும் மறத்தலாகாது.

இந்நகரும் ஆரம்பத்தில் வோக்கிங்கின் கனவையே கண்டது. 70 கோடி பவுண் பெறுமதியான டைத்பார்ன் அங்காடித் திட்டம் அதன் நம்பிக்கையாக விளங்கிற்று. 2011இல் ஜோன் லூயிஸ் நிறுவனம் விலகியதும் திட்டம் சரிந்தது. வரமறுத்த மூலதனத்துக்கு மேலும் சலுகை காட்டுவதை விடுத்து, ஊரில் ஏற்கெனவே இருக்கும் பணம் எங்கே போகின்றது என மத்தியூ பிரவுண் முதலிய சபை உறுப்பினர்கள் வினவத் தொடங்கினர். அமெரிக்காவின் கிளீவ்லாந்துக் கூட்டுறவுகள் அவர்களுக்கு முன்மாதிரியாயின. சபை, மாவட்ட சபை, பல்கலைக்கழகம், பொலிசு, கல்லூரி, வீடமைப்புச் சங்கம் என்பன இடம்பெயர முடியாத நிறுவனங்கள். அவற்றின் கொள்வனவை ஆராய்ந்தபோது, 2012-13இல் அதில் 5 சதவீதமே பிறெஸ்ற்றனிலும் 39 சதவீதமே லங்காஷயரிலும் தங்கியமை தெரியவந்தது. பெரிய ஒப்பந்தங்கள் பிரிக்கப்பட்டன. பாடசாலை உணவு வழங்கும் ஒற்றை ஒப்பந்தம் பால், முட்டை, தயிர் என 9 கூறுகளாக்கப்பட, அருகிலுள்ள சிறு வழங்குநரும் கேள்விமனுச் செய்ய முடிந்தது. 2016-17இல் அவ்வீதங்கள் முறையே 18.2 ஆகவும் 79.2 ஆகவும் உயர்ந்தன. மொத்தக் கொள்வனவு குறைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இது நிகழ்ந்தது என்பது சிறப்பாக நோக்கற்பாலது. நகர மையத்தில் 1875ஆம் ஆண்டுச் சந்தைக் கூடாரம் புதுப்பிக்கப்பட்டது. அவ்வேலையையும் உள்ளூர்க் கட்டிட நிறுவனமே செய்தது.

இதனைச் சோசலிசம் எனக் கொண்டாடுவோர் அவசரக்காரர். உள்ளூர் முதலாளியும் முதலாளியே. அவனிடம் ஒப்பந்தம் சேர்வதால் மட்டும் உபரிமதிப்பு மறைந்துவிடாது. ஒவ்வொரு நகரும் தன் பணத்தைத் தன்னுள்ளே தேக்கினால் வறிய நகரின் பங்கு என்னவாகும் என்ற ஆட்சேபமும் நியாயமானதே. வெட்டப்பட்ட மானியத்தைக் கொள்வனவுக் கொள்கை ஈடுசெய்யவுமில்லை. எனினும் இவற்றைக் காரணங்காட்டி முழு முயற்சியையும் சீர்திருத்தவாதம் எனத் தள்ளிவிடும் நமது தோழர் சிலரின் மனோபாவம் இயங்கியலுக்கு ஒவ்வாதது. ஒதுக்க நிதியைப் பணயம் வைக்காமலே சபையொன்று தன் பொருளாதாரத்தின் போக்கைச் சிறிதளவேனும் திருப்பலாம் என்பதும், அத்திருப்பத்துக்குக் கூலி, கூட்டுறவு, ஒப்பந்த நிபந்தனை பற்றிய போராட்டம் உடன் தேவை என்பதும் அங்கு ஒருங்கே வெளிப்படுகின்றன.

பிறெஸ்ற்றன் சபையும் கட்டிட ஆசையை முற்றாகத் துறந்துவிடவில்லை. நகர மையத்திற் சபையின் உடைமையாக எழுந்த திரையரங்கு, கேளிக்கை வளாகம் 2025இல் திறக்கப்பட்டது. அங்குள்ள உணவகங்களின் வாடகை தவறுமாயின், அதன் சுமை சபையின் ஆண்டுக் கணக்கிலேயே விழும்.