பழைய வீட்டில் புதிய வசதி

பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைக்கும் வணிக அன்பர்கள் முதலில் என் நஷ்டக் கணக்கைக் கேளுங்கள். ரிஷிவந்தியத்தில் தாத்தா கட்டிய முற்றத்து வீட்டின் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினேன். இரண்டே மழைக்காலத்தில் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்துவிடும்.

பிறகுதான் கானாடுகாத்தானில் 'விசாலம்' பார்த்தேன். நகரத்தார் ஒருவர் மகளுக்காகக் கட்டிய வீடு, இன்று விடுதி. குளியலறையும் குளிர்சாதனமும் புதிது. ஆத்தங்குடிக் கல் தரை பழைய முறைதான். அந்தக் கல்லைக் கண்ணாடி மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள், சூளைக்கே போவதில்லை. நாமோ நல்ல தரையைப் பெயர்த்துக் கிரானைட் போடுகிறோம்!

சிமெண்டைக் கொத்திவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசினேன். கூலி அதிகம்தான். முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை வேண்டுமாம் மகனுக்கு. வெக்கை வெளியேற வழி வைத்துப் போடு என்றேன்.